இரண்டாவது ஓட்டை

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். என் தங்கச்சி புருஷன் தேவேந்திரன் எனக்குத் தரவேண்டியது. இதில் நாலாயிரத்து ஐந்நூறு, என்னுடைய பழைய கல் அறுக்கும் மிஷினை அவன் எடுத்துக்கொண்டதற்கு. ஆயிரத்து ஐந்நூறு, பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் மகள் அனுவுக்குப் பையும் ஷூவும் வாங்கியதற்கு. மீதி முந்நூற்று ஐம்பது, கருங்குழியில் ரோட்டோரம் சாப்பிட்ட பிரியாணிக்கு. அந்தப் பிரியாணியை மட்டும் அவன் கடன் என்று ஒத்துக்கொண்டதே கிடையாது.

"ரெண்டு பேருந்தானே மச்சான் துன்னோம்?" என்பான்.

"நான் ஒண்ணு துன்னேன். நீ ரெண்டு துன்னே. நான் கேக்கறது உன் ரெண்டுக்கு."

அன்றைக்கும் அதைக் கேட்கத்தான் அவனிடம் போனேன். கேட்ட மாத்திரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல் தூளில் விழுந்து உருண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடனைக் கேட்டால் வயிற்றுவலி, வட்டியைக் கேட்டால் நெஞ்சுவலி என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவன் வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வேர்த்து, தூள் ஒட்டி, பாதி செதுக்கிய சிலைபோல ஆகிவிட்டான். அப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற ரோட்டில், ஜானகிராமன் முதலாளியின் சிற்பக் கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. சிலை செய்கிறவர்கள் வேறு. நாங்கள் அதற்கு முந்தின ஆட்கள். லாரியில் வரும் பாறையை வேண்டிய அளவுக்குத் தேவேந்திரன் பிளப்பான். பிளந்ததைக் கம்பி போட்டு நெம்பி, உருட்டி, சிற்பியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது நான். சாமிக்கு முகம் வருவதற்குள் எனக்கு இடுப்பு போய்விடும்.

வெயிலிலும் தூளிலும் நாள் முழுக்க நின்றாலும் அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். ஒதுங்கப் போனால் மிஷினை நிறுத்த வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் காலையில் கொண்டுவந்து சாயங்காலம் பாதியோடு வீட்டுக்கு எடுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன். "ஒட்டகத்துக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்று என் தங்கச்சி தமிழரசி சொல்லுவாள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் ஜெனிட்டா என்கிற அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இடது கிட்னியில் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல். அது மூத்திரம் இறங்குகிற வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் தண்ணீர் தேங்கிக் கிட்னி வீங்கியிருக்கிறது.

"ரெண்டு கிட்னியும் சேர்ந்து நூறு பங்கு வேலை செய்யுதுன்னு வெச்சுக்கோங்க. சரிபாதியா செய்யணும். உங்க இடது கிட்னி முப்பத்தொண்ணுதான் செய்யுது. அப்படியே விட்டா இன்னும் குறையும்."

தேவேந்திரன் என்னைப் பார்த்தான். "கல்லு ஒடைக்கறவன் வயித்துலயே கல்லா மச்சான்?"

"வேலைய வூட்டுக்கு எடுத்துகினு போற ஆளு நீதான்டா," என்றேன்.

டாக்டரம்மா சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுப் பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கிட்னிக்குள் குழாய் போகும். குழாய்க்குள் ஒரு கம்பி. கம்பி அதிர்ந்து கல்லைப் பொடியாக்கும். பொடியை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

"நம்ம டிரில்லிங் மிஷினு மாதிரியா?"

"அதேதான். பேனா சைசுல."

அதுவரை அவனுக்கு எல்லாம் பிடித்திருந்தது. அப்புறம் கேட்டான்: "அந்த ஓட்ட கிட்னியில போடுவீங்களா, தோலுல மட்டுமா?"

"கிட்னியிலயும்தான். உள்ள போகணுமே."

"அப்பால கிட்னி இன்னா ஆவும்?"

"முதல் சில நாள் கொஞ்சம் மந்தமா இருக்கும். சில பேருக்கு ரத்தம் போகும், காய்ச்சல் வரும். அதுக்குத்தான் இங்கயே வெச்சுப் பாக்கறோம். ஓட்டை ஆறி அந்த இடத்துல சின்னதா தழும்பு இருக்கும். உங்க கிட்னி நூறு ரூபான்னா, அந்தத் தழும்பால ஒரு ரூபா போகும். பல பேருக்கு அதுகூடப் போகாது. அடைப்பு எடுத்துட்டா சிலருக்கு முன்னைவிட நல்லா வேலை செய்யும். எல்லாருக்கும் ஏறும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கிறது இறங்காம நிக்கும்."

அவன் தலையை ஆட்டினான். சேர்த்தார்கள். பச்சை உடுப்பு கொடுத்தார்கள், கையில் பேர் எழுதிய பட்டை கட்டினார்கள். மறுநாள் ஆபரேஷன். மதியம் வார்டு சுற்ற வந்த டாக்டரம்மா போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரு ஓட்டைதான் போடுவோம். ஏதாவது மூலையில துண்டு மாட்டியிருந்தா ரெண்டாவது ஓட்டை போட வேண்டி வரும். பயப்படாதீங்க."

"ரெண்டும் ஒரே வரிசையில வருமா?"

இதை யார் கேட்டிருப்பார்கள் அவரிடம்? கொஞ்சம் யோசித்து, "ஆமா, கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. கட்டிலின் மேல் ஆஸ்பத்திரி போர்வை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. ஓடிப்போகிறவன் மரியாதையாகத்தான் ஓடிப்போயிருக்கிறான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வேலையில் பாறையில் ஒரு ஓட்டை போட்டால் அது கம்பி செருகித் தூக்குவதற்கு. இரண்டாவது ஓட்டையை அதே வரிசையில் போட்டால், அந்தப் பாறையைப் பிளக்கப் போகிறோம் என்று அர்த்தம். இரண்டு ஓட்டைக்கு நடுவே விரிசல் ஓடும், பாறை இரண்டாகும். அவன் ஆயுசுக்கும் செய்த வேலை அதுதான். தன் கிட்னியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்துவிட்டான்.

வார்டு நர்சிடம், "ஆள இட்டுகினு வந்துடறேன் சிஸ்டர், கட்டில வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டரிடம், பச்சை உடுப்போடு யாராவது ஏறினார்களா என்று கேட்டேன்.

"முன்னாடி போன வண்டியில ஒருத்தன் போனானாம். பக்கத்துல ஒருத்தரும் குந்தலையாம். மூணு சீட்டுல காலை நீட்டிகினு ராஜா மாதிரி போனானாம்."

வீட்டில் இல்லை. பஸ்ஸிலிருந்தே தமிழரசிக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன், அவள் வாசலில் நின்றிருந்தாள். "இங்க வரலண்ணா. வந்திருந்தா நானே ரெண்டு ஓட்ட போட்டிருப்பேன்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "டாக்டரம்மா சொன்னத மறந்துட்டாராண்ணா? அந்தக் கிட்னி போயிடும்னு சொன்னாங்களே."

கூடத்துக்குப் போனேன். பச்சை உடுப்போடு, கையில் பட்டையோடு, ஒரு பெரிய பாறையின் மேல் உட்கார்ந்திருந்தான். பாறையில் வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் செருகி, ஒரு சுற்று சுத்தியலால் அடித்து இறுக்கியும் இருந்தான். அதற்கு மேல் முடியவில்லை. வலி வந்து சுத்தியலைப் போட்டுவிட்டான்.

"இன்னா மச்சான், டிஸ்சார்ஜா?" என்றேன்.

"நான் பண்ணிக்க மாட்டேன். ரெண்டு ஓட்ட போட்டா கிட்னி பொளந்துடும். அப்பால நான் பாதி ஆளு. பாதி ஆளுக்கு இந்த முதலாளி முழுக் கூலி குடுப்பாரா? கருங்குழி ராஜாராம தெரியுமில்ல? ஆபரேஷன் பண்ணிகினு வந்து ஒரு கொடம் தண்ணி தூக்கல."

"அவன் முன்னாடியும் தூக்கினதில்ல. அவன் பொண்டாட்டியக் கேளு."

"வெளையாடாத நீலமேகம்." பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் உண்மையிலேயே பயந்திருக்கிறான் என்று அர்த்தம். "எனக்கு இந்த வேலைய வுட்டா வேற இன்னா தெரியும்? அனு இப்பத்தான் ஒம்போதாவது போவுது."

டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னால், "நீ எப்ப டாக்டருக்குப் படிச்சே?" என்பான். அவன் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். ரோட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. கடல் காற்று தூளைக் கிளப்பியது.

டிக்.

சின்னச் சத்தம்தான். எங்களுக்குத் தெரியும் அது என்ன என்று. தேவேந்திரன் வலியை மறந்து துள்ளிக் கீழே குதித்தான். ஆப்பு வரிசை நெடுக ஒரு கோடு ஓடியது, மயிரிழை மாதிரி. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கோடு விரலாக விரிந்தது.

"இப்ப யாரு அடிச்சா?" என்றேன்.

"யாரும் அடிக்கல. ஆப்பு உள்ள இறுக்கமா குந்திகினு இருந்தா தானா போவும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்போ பொளக்கறது ஓட்டையா, ஆப்பா?"

அவன் என்னை முறைத்தான். "ஓட்ட இல்லாம ஆப்பு எங்க நிக்கும்?"

"சரி. அதோ பாரு." வேலியோரம் கிடந்த கல்லைக் காட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓட்டை போட்டு, கல்லில் நிறம் சரியில்லை என்று முதலாளி ஒதுக்கச் சொன்ன கல். நாலு ஓட்டை, நேர் வரிசை. மழை பெய்தால் ஓட்டையில் தண்ணீர் நிற்கும், காக்கா வந்து குடிக்கும். "அது பொளந்துச்சா?"

"ஆப்பு வெக்கல, பொளக்கல."

"உன் உள்ள இப்ப குந்திகினு இருக்கறது இன்னா? ஓட்டையா, ஆப்பா?"

அவன் இடது கையை இடுப்பில் வைத்தான். அப்புறம் சுத்தியலை எடுத்து ஆப்புகளைப் பக்கவாட்டில் தட்டி ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தான். எந்தக் காலத்திலும் அவன் ஆப்புகளை அவ்வளவு அவசரமாக உருவி நான் பார்த்ததில்லை.

"கடைசி பஸ்சு எத்தினி மணிக்கு?" என்றான்.

கிளம்புகிறதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. கூடத்துச் சுவரில் ஒரு பொந்தில் ஒளித்து வைத்திருந்த பாலிதீன் பையை எடுத்து என் கையில் திணித்தான். உள்ளே ரூபாய் நோட்டு. "மூவாயிரம் கீது. மீதிக்கு என் போன வெச்சுக்கோ. கடனோட படுக்க மாட்டேன் மச்சான். எங்கப்பன் சொல்லுவாரு, கடனோட போனா மறுபொறப்புல மாடா பொறந்து ஒழைக்கணும்னு."

"நீ இப்பவே மாடுதான். உள்ள வை. கடன் இருக்கற வரைக்கும் உனக்கு எந்திரிச்சி வர ஒரு வேல கீது. தீத்துட்டேன்னு வெச்சுக்கோ, மயக்கத்துலயே சொகமாத் தூங்கிடுவே."

அவன் சிரித்தான். பையை மறுபடி பொந்தில் வைத்தான். அது வாங்கத் தோன்றாத பணம். வாங்கியிருந்தால் அவன் போய்விடுவான் என்று நானும் நம்பியதாக ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் நர்ஸ், "வாங்க, டூர் முடிஞ்சுதா?" என்றார். மறுநாள் காலையில் டாக்டரம்மாவும் அதையே கேட்டார். ஏன் ஓடினான் என்று நான் சொன்னதும், வரிசையில் வருமா என்று அவன் கேட்டது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க நானும் தமிழரசியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்து ஒரு சின்ன டப்பியைக் காட்டினார். அடியில் பழுப்பும் மஞ்சளுமாக நொறுங்கின கல். எங்கள் கூடத்தில் பெருக்கித் தள்ளுகிற தூள் மாதிரியேதான் இருந்தது.

"நல்லா முடிஞ்சது. ரத்தம் கொஞ்சந்தான் போச்சு, ஏத்தத் தேவைப்படல. ஆனா மேல் மூலையில ஒரு துண்டு ஒளிஞ்சிருந்தது." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டாவது ஓட்டை போட வேண்டியதாச்சு. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

எங்கள் வீட்டில் பக்குவமாக எதையும் சொல்லிப் பழக்கம் இல்லை.

கண் விழித்தபோது அவன் முதுகிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு பை. இன்னொரு பையில் மூத்திரம், ரோஸ்மில்க் நிறத்தில். அதைப் பார்த்தும் பதறவில்லை. "எத்தினி?" என்றான்.

"இன்னா எத்தினி?"

"ஓட்ட."

"துட்டக் குடு, சொல்றேன்."

"மச்சான்!"

தமிழரசி குறுக்கே வந்தாள். "ரெண்டு. ரெண்டு போட்டாங்க. கல்லு மொத்தமும் போச்சு. இப்ப இன்னா, எழுந்து ஓடப் போறியா? ஓடு. பையத் தூக்கிகினு ஓடு, நானும் பாக்கறேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு நாள் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், தணிந்தது. மூத்திரம் ரோஸ்மில்க்கிலிருந்து டீயாகி, டீயிலிருந்து வெறும் தண்ணீரானது. முதுகுக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே வழி அடைக்காமல் இருக்க வைத்த சின்னக் குழாயைச் சில வாரம் கழித்துப் போய் எடுத்துக்கொண்டு வந்தோம். மாதம் ஒன்று போனதும் லேசான வேலை செய்யலாம் என்றார் டாக்டரம்மா. கிட்னி எப்படி இருக்கிறது என்று மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் அவன் பண்ணின கூத்துக்கு அளவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டான். தும்மல் வந்தால் இரண்டு கையாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தும்முவான். முதலாளி அவனைச் சிலைகளுக்குப் பாலிஷ் போடும் இடத்தில் உட்காரவைத்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல. டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"எனக்குப் பசி சத்தந்தான் கேக்குது."

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தான். தண்ணீர். இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான், மதியத்துக்குள் காலி பண்ணுவான். அடிக்கொருதரம் வேலிப் பக்கம் ஓடுவான். "முதலாளி, இவன் ஒதுங்கற எடத்துல தென்ன வெச்சா ரெண்டு வருஷத்துல காய் காய்க்கும்" என்று சிற்பிகள் கத்துவார்கள். சிரித்துக்கொண்டே ஓடுவான். ஆனால் ஒரு தடவைகூடச் சுத்தியலைத் தொடவில்லை. பாறையும் ஆப்பும் கிடக்கிற பக்கம் போகவே இல்லை. தமிழரசி வேர்க்கடலை வறுத்து விற்று வீட்டை ஓட்டினாள். என் கடனை நான் கேட்கவும் இல்லை, அவன் பேசவும் இல்லை.

படம் எடுத்த அன்று என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். இரண்டு அவரைக்கொட்டை மாதிரி, நிறம் நிறமாக.

"பொளக்கலையேம்மா?"

இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டார். "கிட்னி கல்லு இல்லைங்க தேவேந்திரன். சதை. கல்லுல விழுந்த ஓட்டை ஓட்டையாவே இருக்கும். சதை ஆறிடும்." திரையில் பேனா முனையை வைத்தார். "இங்க ஒரு தழும்பு, இங்க ஒண்ணு. தேடித்தான் பாக்கணும், அவ்வளவு சின்னது. நடுவுல ஒண்ணும் ஓடல. வீக்கம் போயிடுச்சு. முப்பத்தொண்ணு இருந்தது, இப்ப முப்பத்தாறு."

"அம்பது ஆவாதா?"

"ஆகாது. நீங்க லேட்டா வந்தீங்க, போனது போனதுதான். இதைக் காப்பாத்துங்க. தண்ணி குடிக்காம இருந்தா மறுபடி கல் வரும், மறுபடி ஓட்டை போடுவேன்."

"பாற பொளக்கலாமா?"

"பொளங்க."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"அப்போ தழும்பு கீது மச்சான்," என்றான். "ரெண்டு."

"இருந்தா இன்னா? சாமி சிலையில கீறல் வுழுந்தா கோயில்ல வெக்க மாட்டாங்க. நீ இன்னா சாமி சிலையா? அம்மிக்கல்லு. அம்மியக் கொத்துனா இன்னும் நல்லா அரைக்கும். முப்பத்தாறுன்னு சொன்னாங்களே, காதுல வுழலையா?"

அவன் முதலில் புன்னகை செய்தான், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான், அப்புறம் தும்மினான். தும்மும்போது ஒரு கையில் டீ இருந்தது, இன்னொரு கை சும்மா தொங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சட்டைக்குள் கைவிட்டுப் பழைய பாலிதீன் பையை எடுத்தான். "தமிழு கடலை காசு சேத்துக் குடுத்துச்சு. முதலாளிகிட்ட அட்வான்சும் வாங்கிட்டேன். நாளையிலேந்து பாறைக்கு வரேன்னு காலையிலயே சொல்லிட்டேன்."

"படம் பாக்கறதுக்கு முன்னாடியா?"

"இன்னா இப்போ? எண்ணு."

எச்சில் தொட்டு எண்ணினேன். ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது. மறுபடி எண்ணினேன். அதேதான்.

"நூறு ரூபா கொறையுது. பிரியாணியக் கழிச்சிட்டியா?"

"பிரியாணி அதுல கீது. ரெண்டு பிரியாணியும் கீது." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தான். "நூறு ரூபா கிட்னியில ஒரு ரூபா போவும்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? உன் கடனுலயும் ஓட்ட வுழுந்துச்சு. ஓட்டைக்கு அம்பது. ரெண்டு ஓட்ட."

"அது ஆறிப்போயிடுமா?"

"ஆறிப்போச்சு மச்சான். தேடித்தான் பாக்கணும்."

பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். டீக்குக் காசை அவன்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கடைக்காரரிடம், "அண்ணாத்த, கக்கூசு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினான்.